மஸ்கட் வழியாக வந்த மகள்

என் மகள் நான்காம் வகுப்பு 'பி' பிரிவில் படித்தாள். நான் அதே பள்ளியில் நான்காம் வகுப்பு 'ஏ' பிரிவின் ஆசிரியை. இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் வாய்ப்பாடு சொன்னால் இந்தப் பக்கம் என் பிள்ளைகளின் உதடுகள் தாமாக அசையும். அவ்வளவு கிட்டத்தில் இருந்தும், என் மகள் அன்று வகுப்பில் என்ன எழுதினாள், என்ன வரைந்தாள், எதற்குக் கைதட்டல் வாங்கினாள் என்பதெல்லாம் எனக்கு மஸ்கட்டிலிருந்துதான் தெரியவந்தது.

இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். எனக்கு ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்லை. வயிறு எரிந்தது. இப்போது எழுதும்போதும் எரிகிறது, அதை மறைப்பதற்கில்லை.

எங்கள் பள்ளி குடவாசலிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில் இருந்தது. கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளி. சுற்றியிருக்கும் ஊர்களில் பாதி வீடுகளில் அப்பா என்பவர் போனில்தான் இருந்தார். துபாய், தோஹா, சிங்கப்பூர், மலேசியா. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு, குத்தகை கட்டுப்படியாகாமல் போனவர்களும் உண்டு. பெற்றோர் கூட்டம் போட்டால் சேலை கட்டியவர்கள்தான் வந்து உட்காருவார்கள். அப்படிப்பட்ட பள்ளிக்குச் சென்னையிலிருந்து ஒரு சிஸ்டர் தலைமையாசிரியையாக வந்தார். வந்த வருடமே வகுப்புக்கு ஒரு தொடுதிரை டேப் வாங்கிக் கொடுத்து, போர்ட்ஃபோலியோ என்று ஒன்றைத் தொடங்கினார்.

விஷயம் எளிதுதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு தனி இடம். பிள்ளை எழுதிய கட்டுரை, வரைந்த படம், போட்ட கணக்கு, வாய்விட்டுப் படித்த பாடம், எல்லாவற்றையும் வகுப்பாசிரியை படமாகவோ குரலாகவோ எடுத்து ஏற்ற வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் போனில் திறந்து பார்த்து, கீழே ஒரு வரி எழுதலாம். "மார்க் ஷீட்ல புள்ள தெரியாது மிஸ். புள்ள எப்படி வளருதுன்னு பெத்தவங்க பாக்கட்டும்" என்றார் சிஸ்டர். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் முணுமுணுத்தோம். சாக்பீஸ் தூசிக் கையோடு தொட்டால் டேப் மசியவே மசியாது. மழை பிடித்தால் நெட் போய்விடும். ஏற்றாமல் விட்டால் வளைகுடாவிலிருந்து ஏதாவது ஒரு அப்பா ஆபீசுக்கு போன் போட்டு, "எம் புள்ள பக்கம் காலியா கெடக்கே" என்று கேட்டுவிடுவார்.

ஒரு பிள்ளைக்கு ஒரு போன் எண்தான் பதிய முடியும். ஆபீசில் இருந்த பெண், சேர்க்கை விண்ணப்பத்தில் முதலில் எந்த எண் இருந்ததோ அதைப் பதிந்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் விண்ணப்பம் எழுதும்போது வெளிநாட்டு எண்ணைத்தான் முதலில் எழுதுவோம். அதில் ஒரு பெருமை. நானும் என் வீட்டுக்காரரின் மஸ்கட் எண்ணை முத்து முத்தாக முதல் வரியில் எழுதியிருந்தேன். மாற்றித் தரச் சொல்லிக் கேட்டபோது அந்தப் பெண் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"மிஸ், நீங்கதான் உள்ளேயே இருக்கீங்களே. வெளிநாட்டுல இருக்கறவங்களுக்குத்தானே இது வேணும்" என்றாள்.

என் டேப்பில் என் வகுப்புப் பிள்ளைகளின் பக்கங்கள் மட்டுமே திறக்கும். அடுத்த வகுப்பை எட்டிப் பார்க்கக் கூடாது என்பது சிஸ்டரின் கண்டிப்பு. அதிலும் ஆசிரியைகளின் சொந்தப் பிள்ளைகள் விஷயத்தில் கண்டிப்பு அதிகம். பள்ளி வாசலைத் தாண்டிவிட்டால் என் மகள் என்னை 'மிஸ்' என்றுதான் கூப்பிட வேண்டும். நடையில் எதிரே வந்தால், "குட் மார்னிங் மிஸ்" என்று சொல்லிவிட்டு ஓரமாக ஒதுங்கிப் போவாள். காலையில் நான் பின்னிவிட்ட சடைதான் அப்படி ஒதுங்கிப் போகும்.

ஒரு முறை வீட்டுக்காரரிடம் ரகசிய எண்ணை வாங்கி என் போனில் திறந்தேன். திறந்ததும் அவர் போனில் அது மூடிக்கொண்டது. அரை மணி நேரத்துக்குள் அழைப்பு வந்தது. "ஏம்மா, எனக்கு இருக்கறதே இது ஒண்ணுதான். அதையும் புடுங்கிக்கறியா?" என்றார். குரல் கரகரத்தது. விட்டுவிட்டேன். அதன் பிறகு அவராகப் பார்த்து எதை அனுப்பினாரோ அதுதான் எனக்கு.

அவர் அங்கே ஏசி பராமரிப்பு வேலையில் இருந்தார். பெண் நடக்கத் தொடங்கும் முன்னரே போனவர், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கிறிஸ்துமசுக்கு வருவார். போர்ட்ஃபோலியோ வருவதற்கு முன்னால் அப்பாவும் பெண்ணும் போனில் பேசுவதைக் கேட்க எனக்கே பாவமாக இருக்கும். "சாப்ட்டியா? படிச்சியா? சமத்தா இருக்கியா?" அவ்வளவுதான். பிறகு இரண்டு பக்கமும் சத்தம் இருக்காது. "இந்தாம்மா" என்று போனை என்னிடம் நீட்டிவிட்டு அவள் விளையாட ஓடிவிடுவாள். அப்போதெல்லாம் போன் என்னுடையதாக இருந்தது.

போர்ட்ஃபோலியோ வந்ததும் அவர்களுக்குப் பேச எவ்வளவோ கிடைத்துவிட்டது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் என்று சொல்வீர்கள். பட்டேன், ஒரு வாரம் பட்டேன்.

ஒரு சாயங்காலம் அவர் போனில், "பாப்பா இன்னிக்கு வரைஞ்ச நண்டைப் பாத்தியா? கால் ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியுது" என்றார். நான் பார்க்கவில்லை. நண்டு வரைந்தவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து பொட்டுக்கடலை தின்றுகொண்டிருந்தாள்.

"ஏன்டி எங்கிட்ட காட்டல?" என்றேன்.

"மிஸ் ஏத்திட்டாங்கம்மா. நீ அப்பாகிட்ட வாங்கிப் பாத்துக்கோ."

அப்படித்தான் ஆரம்பித்தது. மஸ்கட்டிலிருந்து நண்டு வந்தது. வெண்டைக்காயை வெட்டி மையில் தோய்த்து அச்சிட்ட பூ வந்தது. மைதானத்து மரத்தில் இலை எண்ணிய கணக்கு வந்தது. ஒவ்வொன்றின் கீழும் அவர் நீள நீளமாக எழுதியிருந்தார். எனக்குக் கல்யாணமான புதிதில் எழுதிய கடிதத்தில்கூட நலம், நலமறிய ஆவல் என்பதைத் தாண்டாத மனிதர், வெண்டைக்காய்ப் பூவுக்கு ஒரு பத்தி எழுதியிருந்தார்.

அவளுக்குப் பேன் சீவியது நான். காய்ச்சலில் ஈரத் துணி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான். சாம்பார் சாதத்தில் கத்தரிக்காய் தெரியாமல் மசித்துக் கட்டிக் கொடுத்தது நான். இதையெல்லாம் யார் படம் எடுத்து ஏற்றுவார்கள்? அவர் அனுப்பிய பக்கங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி நான் ஒன்றைத்தான் தேடினேன். இதில் நான் எங்கே இருக்கிறேன்?

எங்குமே இல்லை. 'எனக்குப் பிடித்தவர்' என்ற பக்கத்தில் அப்பா. 'நான் பெரியவள் ஆனால்' என்ற பக்கத்தில், அப்பாவைப் போல ஏசி சரிசெய்வேன். 'எங்கள் சுற்றுலா' என்ற பக்கத்தில் வேளாங்கண்ணிக் கடற்கரையில் அவளும் அவரும் நிற்கும் படம். படம் எடுத்தது நான், அதனால் படத்தில் நான் இல்லை. பைகளும் செருப்புகளும்கூட என் கையில்தான் இருந்தன.

எனக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது. நூறு பக்கம் அவருக்கு இருக்கட்டும். ஒரே ஒரு பக்கத்தில் 'நானும் அம்மாவும்' என்று என் பெண் எழுதி, அது அந்தப் பாழாய்ப்போன இடத்தில் ஏற வேண்டும். மஸ்கட்டில் அதை அவர் திறந்து படிக்க வேண்டும். படித்துவிட்டு என்ன எழுதுவார் என்று பார்க்க வேண்டும்.

எழுதத் தக்கதாக ஏதாவது செய்து பார்த்தேன். ஒரு சனிக்கிழமை முறுக்குப் பிழியும்போது அவள் கையிலும் அச்சைக் கொடுத்தேன். வழக்கமாக அடுப்புப் பக்கமே விடமாட்டேன். மாவு முகத்தில் ஒட்ட, கோணல் மாணலாக அவள் பிழிந்தாள். இரண்டு பேரும் சிரித்தோம். அடுத்த வாரம் மஸ்கட்டிலிருந்து பக்கம் வந்தது. தலைப்பு, 'அப்பாவுக்கு முறுக்கு'. ஊரிலிருந்து போன ஒருவரிடம் ஒரு டப்பா கொடுத்தனுப்பியது உண்மைதான். ஆனால் அந்தப் பக்கத்தைப் படித்தால் அந்த முறுக்கு தானாகவே எண்ணெயில் விழுந்து, தானாகவே வெந்து, ஓமானுக்கு விமானம் ஏறியது என்றுதான் நினைப்பீர்கள்.

அவர்மேல் மட்டும் இல்லை, 'பி' வகுப்பு ஆசிரியைமேலும் எனக்குப் பொறாமை. அந்த வருடம்தான் வேலைக்கு வந்த சின்னப் பெண். மாயவரத்துக்காரி. அதட்டவே தெரியாத குரல். சுவருக்கு அந்தப் பக்கம் என் மகள் சிரிப்பது கேட்கும். நான் போர்டில் எழுதிக்கொண்டிருப்பேன், கை நின்றுவிடும். ஒரு நாள் ஸ்டாஃப் ரூமில் அவள் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே சொன்னாள்.

"அக்கா, உங்க பொண்ணு எவ்ளோ அழகாப் படிக்கறா! கண்ண மூடிக்கிட்டு கேட்டுக்கிட்டே இருக்கலாம்."

எனக்கு அது செய்தி. என்னிடம் படித்தால் அவள் வரிக்கு வரி தடுக்குவாள். நான் தமிழ் படித்துவிட்டு வேலைக்கு வந்தவள். தப்பாகப் படித்தால் அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்துவேன். திருத்தாமல் எப்படி விடுவது என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை, இப்போதும் விளங்கவில்லை. ஆனால் என்னிடம் திக்கித் திணறிய வாய் அங்கே போய்ப் பாட்டாகப் படிக்கிறது என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"உன் கிளாஸ்ல ஒரு தடவை 'என் அம்மா'ன்னு கட்டுரை எழுதச் சொல்லேன்" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிட்டேன்.

அவள் முகம் சுருங்கியது. "நானும் நெனச்சேன்கா. சிஸ்டர் வேண்டாம்னுட்டாங்க. அம்மா இல்லாத புள்ள ஒண்ணு இருக்கு. இன்னொண்ணுக்கு அம்மா குவைத்துல வீட்டு வேலைக்குப் போயிருக்காங்க. எப்ப அம்மான்னு சொன்னாலும் அது பெஞ்சுக்குக் கீழ போயி உக்காந்துக்குது" என்றாள்.

அதற்கு மேல் நான் என்ன கேட்பது? நியாயம் அவள் பக்கம்தான். நியாயம் புரிந்தால் வயிற்றெரிச்சல் அடங்கிவிடுமா என்ன?

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் சிஸ்டர் புதிதாக ஒரு கூட்டம் வைத்தார். ஆசிரியை பேச மாட்டார். பிள்ளையே டேப்பை வைத்துக்கொண்டு தன் பக்கங்களைப் பெற்றவர்களிடம் காட்ட வேண்டும். கடைசியில் 'மறக்க முடியாத நாள்' என்று தான் எழுதிய ஒன்றை வாய்விட்டுப் படிக்க வேண்டும். அன்று படிக்கப்போகும் கட்டுரையை முன்கூட்டி ஏற்றக் கூடாது, கேட்கிறவர்களுக்குப் புதிதாக இருக்கட்டும் என்று உத்தரவு. அதனால் மஸ்கட்டுக்கும் அது தெரியாது. முதன்முறையாக நாங்கள் இரண்டு பேரும் சமம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி.

ஆனால் அந்த நேரத்தில் நான் என் வகுப்பில் இருந்தாக வேண்டும். சிஸ்டரிடம் போய்க் கேட்டேன். "ஒங்க கிளாஸ் முடிச்சிட்டுக் கடைசியா போங்க மிஸ். அது வரைக்கும் ஒங்க பொண்ணு காத்துக்கிட்டு இருக்கட்டும்" என்றார்.

என் வகுப்பில் ஒவ்வொரு அம்மாவாக வந்து சின்ன பெஞ்சில் உடம்பைக் குறுக்கி உட்கார்ந்தார்கள். என் வகுப்பில் 'என் அம்மா' எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே, நான் எழுத வைத்திருந்தேன். அம்மா சுட்ட பணியாரம், அம்மா ஓட்டிய டிவிஎஸ், அம்மா பேங்கில் சண்டை போட்ட நாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு அம்மா என்னிடம் வந்து, "எம் புள்ள என்னைப்பத்தி எழுதியிருக்கு மிஸ், பாத்தீங்களா?" என்றாள். பார்த்தேன், நான்தானே ஏற்றினேன். "ரொம்ப சந்தோஷம்மா" என்று சொன்ன என் வாய்க்குள் பாகற்காய்க் கசப்பு.

கடைசிப் பெற்றோர் போனதும் கிட்டத்தட்ட ஓடினேன். நடையைத் தாண்டி 'பி' வகுப்பு ஜன்னலுக்கு வந்தபோதே என் மகளின் குரல் கேட்டது. எனக்காகக் காத்திருக்கவில்லை. டெஸ்க்கின்மேல் தண்ணீர் பாட்டிலில் ஒரு போனைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதற்குள் என் வீட்டுக்காரர் வேலைச் சட்டையோடு தெரிந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்திருப்பார். பக்கத்தில் அந்தச் சின்ன ஆசிரியை. மகள் எழுந்து நின்று படித்துக்கொண்டிருந்தாள்.

தலைப்பு மட்டும்தான் முடிந்திருந்தது. 'தண்ணீர் வந்த நாள்.'

என் பக்கம்! கடைசியில் எனக்கு ஒரு பக்கம் கிடைத்துவிட்டது. உள்ளே போகாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த வருடம் மேட்டூர் திறக்கத் தாமதமாகிவிட்டது. எங்கள் பக்கம் கடைமடை. அங்கே திறந்து இங்கே வந்து சேருவதற்குள் ஜனங்களுக்குக் கழுத்து வலி கண்டுவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது, பெரிய மதகைத் தண்ணீர் தாண்டிவிட்டதாகக் மாதா கோயில் வாசலில் பேசிக்கொண்டார்கள். எங்கள் நிலம் குத்தகையில் இருந்தது. தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் நான் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. ஆனாலும் என்னவோ தோன்றி, மகளை ஸ்கூட்டியில் உட்கார வைத்து, வீட்டுக்குப் போகாமல் வாய்க்கால் கரைக்கு ஓட்டினேன்.

வாய்க்கால் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தூரத்தில் ஒரு பழுப்புக் கோடு. அது மெதுவாக, நடந்து வரும் வேகத்தில் வந்தது. முன்னால் நுரை, நுரைக்கு முன்னால் வேப்பஞ்சருகு, ஒற்றை ரப்பர் செருப்பு, ஓடுகிற எறும்புகள். வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்கும்போது சொர்ரென்று ஒரு சத்தம். ஞாயிற்றுக்கிழமைக் கவுனோடு அவள் கட்டாந்தரையில் குதித்துத் தண்ணீருக்கு முன்னால் நடந்தாள். நானும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன். ஒரு டீச்சர் செய்கிற காரியமா? கரையில் நின்றவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். தண்ணீர் குதிகாலைத் தொட்டதும் இரண்டு பேரும் ஒன்றாகக் கூச்சல் போட்டோம்.

"இது எங்கேந்தும்மா வருது?" என்றாள்.

"குடகுலேந்து."

"அவ்ளோ தூரமும் நடந்தேவா வருது?"

நான் சிரித்த சிரிப்பில் சேலைச் செருகல் அவிழ்ந்துவிட்டது.

அன்று சாயங்காலம் போனில் அவரிடம் இதைச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் அவருக்கு ஒப்பிக்க வேண்டுமா? இந்த ஒன்றாவது எனக்கும் என் பெண்ணுக்கும் நடுவில் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். சேற்றுக் கவுனைத் துவைத்து உள்ளே மறைத்துக் காயப்போட்டேன். அவளும் சொல்லவில்லை.

இப்போது ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் அதையெல்லாம் படித்தாள். ஓர் இடத்தில்கூடத் தடுக்கவில்லை. நுரை வந்தது, சருகு வந்தது, ஒற்றைச் செருப்பு வந்தது, எறும்பு ஓடியது. நான்கூட மறந்துபோன ஒரு தவளையும் வந்தது. இவ்வளவு நன்றாகப் பார்த்திருக்கிறாளே என்று ஜன்னலோடு இன்னும் ஒட்டி நின்றேன். அடுத்த வரி எப்போது வரும் என்று காத்திருந்தேன். வந்தது.

"நானும் என் அப்பாவும் வாய்க்காலில் இறங்கி நடந்தோம். அப்பா வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டார். 'இது எங்கேயிருந்து வருகிறது?' என்று கேட்டேன். 'குடகிலிருந்து' என்றார் அப்பா. நான், 'அவ்வளவு தூரமும் நடந்தேவா வருகிறது?' என்று கேட்டேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்."

என் சேலையை வேட்டி ஆக்கிவிட்டாள். என் சிரிப்பை எடுத்து அவர் வாயில் வைத்துவிட்டாள்.

போனில் சத்தமே இல்லை. நெட் போய்விட்டதோ என்று நினைத்தேன். இல்லை, அவர் கண்ணைச் சிமிட்டுவது தெரிந்தது. சொல்லப்போகிறார், 'பாப்பா, நான் மஸ்கட்லல்ல இருந்தேன், உன்னைக் கூட்டிட்டுப் போனது அம்மாதானே' என்று இப்போது சொல்லப்போகிறார் என்று கம்பியை இறுக்கிப் பிடித்தேன். நல்ல மனிதர், பொய் பேசிப் பழக்கம் இல்லாதவர்.

"ஆமா பாப்பா" என்றார். "தண்ணி சில்லுன்னு இருந்துச்சுல்ல?"

"ஆமாப்பா!" என்று என் மகள் குதித்தாள்.

அந்தச் சின்ன ஆசிரியை கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே டேப்பை எடுத்து, அவள் குரலோடு அந்தப் பக்கத்தை அப்போதே ஏற்றினாள். நான் உள்ளே போனேன். மகள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "மிஸ்" என்றாள். முகத்தில் ஈ ஆடவில்லை. "அண்ணன் எப்பக்கா வந்துட்டுப் போனாங்க? சொல்லவே இல்லியே" என்று ஆசிரியை கேட்டாள். நான் போனைப் பார்த்து, "சாப்ட்டீங்களா?" என்று கேட்டேன். எனக்கு அதுதான் வந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டே கேட்டேன். "ஏன்டி அப்படி எழுதினே?"

பின்னால் அவள் பையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, "நீதான் அங்க இருந்தியேம்மா" என்றாள். "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. உனக்கு எதுக்கு எழுதிக் காட்டணும்?"

"அதுக்கு? என்னோடதை எடுத்து அவருக்குக் குடுப்பியா?"

"உனக்குத்தான் நெறைய இருக்குல்ல. அப்பாவுக்கு ஒண்ணுதானே குடுத்தேன்."

சாயங்காலம் அவர் அழைத்தபோது மகளைக் கடைக்கு அனுப்பிவிட்டு, "நீங்க ஏன் ஆமான்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"புள்ள ஆசையாக் குடுக்குது. வேணாம்னா சொல்லச் சொல்றே?" என்றார்.

"நீங்க வாங்கிக்கிட்டது என்னோடது."

"நீ அங்க தினமும் இருக்கே. உனக்கு இன்னும் எத்தனையோ வரும்" என்றார். அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே நியாயம். நான் போனை வைத்துவிட்டேன். நிறைய இருக்கிறவளிடமிருந்து எடுத்தால் அது எடுத்தது ஆகாதா? அதன் பிறகு எத்தனையோ வருடம் தண்ணீர் வந்தது, அவளைக் கூப்பிட்டேன், வந்தாள். ஆனால் அவள் வளர்ந்துவிட்டாள், கரையிலேயே நின்றாள்.

அவர் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்து சேர்ந்து கொஞ்ச காலம் ஆகிறது. மகள் திருச்சியில் கல்லூரியில் படிக்கிறாள். அந்தச் சிஸ்டர் மாற்றலாகிப் போனதோடு போர்ட்ஃபோலியோவும் நின்றுபோனது. நிற்பதற்கு முன்னால் எல்லாப் பெற்றோருக்கும் அவரவர் பிள்ளையின் பக்கங்களை இறக்கிக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு புதுப் போனிலும் முதல் வேலையாக அதைத்தான் ஏற்றிக்கொள்கிறார். மஸ்கட்டில் அந்த அறையில் படுத்துக்கொண்டு அந்தக் குரலை எத்தனை தடவை போட்டுக் கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியாது.

இந்த வருடம் தண்ணீர் வந்த சமயத்தில் மகள் விடுமுறையில் வீட்டில் இருந்தாள். பக்கத்து நிலத்துக்காரர் விதைநெல் விஷயமாகப் பேச வந்திருந்தார். பேச்சு எங்கெங்கோ போய்க் கடைமடைக்கு வந்து நின்றது. என் வீட்டுக்காரர் சொன்னார்.

"இவ சின்னப் புள்ளையா இருக்கும்போது தண்ணி வந்தப்ப நான்தான் கூட்டிட்டுப் போனேன். வாய்க்கால்லயே எறங்கி நடந்தோம். எங்கேந்து வருதுன்னு கேட்டா பாருங்க..."

கேலிக்குச் சொல்கிறார், என்னைச் சீண்டுகிறார் என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்தேன். சீண்டல் இல்லை. கண் எங்கோ அந்த வாய்க்காலில் இருந்தது.

"நீங்க அப்ப மஸ்கட்ல இருந்தீங்க" என்றேன்.

அவர் ஒரு கணம் தடுமாறி மகளைப் பார்த்தார். மகள் முந்திக்கொண்டாள்.

"இல்லம்மா, அப்பாதான். வேட்டியத் தூக்கிக் கட்டிக்கிட்டு, செருப்பக் கையில வச்சிக்கிட்டு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"நான்டி. பூசை முடிஞ்சு ஸ்கூட்டில கூட்டிட்டுப் போனேன். உன் கவுனை அன்னிக்குத் துவைச்சது நான்" என்றேன். என் குரல் எனக்கே கிறீச்சென்று கேட்டது. வந்தவர் தன் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"இரும்மா, போர்ட்ஃபோலியோலயே இருக்கு" என்று மகள் சிரித்துக்கொண்டே அவர் போனை எடுத்துத் தேடிப் போட்டாள். ஒன்பது வயதுக் குரல் கூடத்தில் கணீரென்று கிளம்பியது. நுரை, சருகு, செருப்பு, தவளை. அப்பாவும் மகளும் தலையோடு தலை ஒட்டிக் கேட்டார்கள். கேட்கிற சுகத்தில் இரண்டு முகங்களும் ஒன்றுபோல மலர்ந்திருந்தன. முடிந்ததும் மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். குத்திக்காட்ட இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டாள்.

"அப்ப நீ எங்கம்மா இருந்தே?"